அம்முவின் வீட்டுக்கு மணி வந்தது: பூனை வளரும் வீட்டில் நாய்க்குட்டியைப் பழக்கிய பதிவு

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருப்பது, அந்தப் பகுதியின் பழைய வீடுகளைப் போலவே குறுகலாகவும் நீளமாகவும் கட்டப்பட்ட ஒரு வீட்டின் முதல் மாடி. தெருவைப் பார்த்த சிறு பால்கனி, அதை அடுத்துக் கூடம், பிறகு படுக்கையறை, சமையலறை, கடைசியில் துவைக்கும் இடமும் மொட்டை மாடிக்கான படிக்கட்டும் என எல்லாம் ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஓர் அறையைக் கடக்காமல் அடுத்த அறைக்குப் போக வழியில்லை. மனிதர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் ஐந்து ஆண்டுகளாகத் தனியாக ஆண்டுவந்த ஒரு பூனையின் வீட்டுக்குள் நாய்க்குட்டியைக் கொண்டுவரும்போது, முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான். குட்டி எந்த அறையில் இருந்தாலும் அது பூனையின் வழியை மறித்தபடியே இருக்கும். ஆகவே நான் நாய்க்குட்டியைப் பழக்குவதில் தொடங்கவில்லை. வீட்டைத் திருத்துவதில் தொடங்கினேன். பூனைக்கு மாற்று வழி அமைந்துவிட்டால் பழக்கும் வேலையில் பாதி குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. பின்னால் நடந்தவையும் பெரும்பாலும் அதற்கு ஒத்தே இருந்தன.

பூனையின் பெயர் அம்மு. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறமும் கலந்த பெண் பூனை, கருத்தடை செய்யப்பட்டது. மணி என்று நாங்கள் பெயர் வைத்த நாய்க்குட்டி காசிமேட்டிலிருந்து வந்தது. எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அம்மா, மீன்பிடித் துறைமுகத்தின் வலைக் கொட்டகை ஒன்றில் ஈன்ற நாட்டு நாயின் குட்டிகளைப் பற்றி என் தாயாரிடம் சொல்லி, "ஆம்பளைக் குட்டிம்மா, நல்லா சாப்பிடுது, நீங்க எடுத்துக்கினா எனக்கு நிம்மதி" என்று பல வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வாரம் நிறையும் வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது அலறும் என்பதைக் கற்றுக்கொள்கின்றன. அந்தப் பாடத்தை மனிதர்கள் சொல்லிக்கொடுப்பது கடினம். ஆடி மாதம் முடியட்டும் என்று காத்திருந்ததற்கு வேறு காரணம் உண்டு. எங்கள் தெரு முனையில் அம்மன் கோயில் இருக்கிறது. கூழ் வார்க்கும் வாரங்களில் ஒலிபெருக்கியும் பம்பையும் ஓயாது. அந்த இரைச்சலில் அம்மு ஏற்கெனவே பரணுக்குள் ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு புதிய விலங்கையும் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமாகத் தோன்றவில்லை.

வயதைப் பற்றி இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். நாய்க்குட்டி தன் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை சந்திக்கும் உயிர்களை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பின் புதியவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடுகின்றன. பூனைக்குட்டிக்கு அந்தச் சாளரம் இன்னும் சீக்கிரமாக, இரண்டாம் வாரத்தில் திறந்து ஏழாம் வாரம் போல மூடிக்கொள்கிறது. அதாவது மணிக்கு இன்னும் கதவு திறந்திருந்தது. அம்முவுக்கு அது மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு, வீட்டில் செய்யும் மாற்றங்கள் யாவும் பூனைக்காகவும், பயிற்சி யாவும் நாய்க்காகவும் இருக்க வேண்டும் என்பது. பூனையைப் பிடித்துவந்து குட்டியின் முன் வைத்து, "பாரு, உன் தம்பி" என்று அறிமுகம் செய்யும் வழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் தடை செய்தேன். உறவினர்களுக்கு அதைப் புரியவைப்பது குட்டிக்குப் புரியவைப்பதைவிடச் சிரமமாக இருந்தது.

முதல் வேலை மரவேலை. கூடத்திலிருந்து சமையலறை வரை பூனை தரையைத் தொடாமல் போய்வர ஒரு மேல்வழி வேண்டும். பழைய வீடுகளில் கதவுகளுக்கு மேலே கம்பி வைத்த வெண்டிலேட்டர் இருக்கும். புதிய அடுக்குமாடி வீடுகளில் காணாத இந்த வசதி இங்கே கைகொடுத்தது. வீட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு இரண்டு வெண்டிலேட்டர்களிலும் ஒரே ஒரு கம்பியை மட்டும் கழற்றி, அறுத்த முனைகளை அரத்தால் மழுக்கினேன். படுக்கையறையில் ஏற்கெனவே பரண் உண்டு. சமையலறையில் ஃபிரிட்ஜ், அதன்மேல் ஒரு பலகை, அங்கிருந்து வெண்டிலேட்டர், பிறகு பரண், பரணிலிருந்து பீரோவின் தலை, அங்கிருந்து இரண்டு பலகைகள் வழியாகக் கூடத்தின் வெண்டிலேட்டர், அதற்கு அப்பால் கூடத்துச் சுவரில் மூன்று பலகைகள் என்று வழி அமைந்தது. இதில் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: எந்தப் பலகையும் முட்டுச்சந்தாக முடியக் கூடாது. வந்த வழியே திரும்பிப் போக வேண்டிய நிலையில் மாட்டிக்கொண்ட பூனைதான் நகத்தை எடுக்கும். முன்னும் பின்னும் வழி இருக்கும் பூனை எழுந்து போய்விடும்.

பலகைகள் எங்கள் பகுதி மரவாடியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள்; முக்கால் அங்குலத் தடிப்பும் பத்து அங்குல அகலமும் உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்தேன். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் உயர வேறுபாடு ஒன்றேகால் அடிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டேன். நல்ல உடல்நிலையில் உள்ள பூனை இதைவிடப் பல மடங்கு தாவும் என்றாலும், அஞ்சி ஓடும் பூனை குறி பார்த்துத் தாவுவதில்லை. வயதாகும்போது மூட்டுகளுக்கும் இது நல்லது. எல் ஆங்கிள்களைப் பொருத்தும்போது சுவரைப் பற்றிய கவனம் தேவை. இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். காரை மூட்டில் துளையிட்டால், திருகாணி இறுகுவதற்காகத் துளைக்குள் செருகும் ராவல் பிளக் பிடிக்காது, சில நாளில் ஆடத் தொடங்கிவிடும். துளையிடும்போது வரும் தூளின் நிறமே வழிகாட்டும்: செந்தூள் வந்தால் செங்கல், தொடரலாம், வெண்தூள் வந்தால் சுண்ணாம்பு, ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் புதிய துளை போட வேண்டும். இடம் மாற்ற முடியாத ஓரிடத்தில் பழைய தச்சர்கள் செய்வது போலத் துளையைப் பெரிதாக்கி, தேக்குக் கட்டையை ஆப்பாக அடித்து அதில் திருகாணி ஏற்றினேன். நான்கு கிலோ பூனை தாவி இறங்கும் கணத்தில் பலகை தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போலப் பல மடங்கு என்பதால், ஒவ்வொரு பலகையையும் என் கை எடை முழுவதையும் கொடுத்து அழுத்திப் பார்த்த பிறகே அரிசிச் சாக்கை இழுத்துப் போர்த்தி, அடியில் ஆணி அடித்தேன். மழமழப்பான பலகையைப் பூனை நம்புவதில்லை. சாக்கில் நகம் பிடிக்கும்.

அடுத்தது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையிலான தடுப்புக் கதவு. குழந்தைகளுக்காக விற்கும் தடுப்புகள் இரு பக்கமும் அழுத்தி நிற்பவை. அவை சமதளமான வாசலுக்கு ஏற்றவை, எங்கள் வீட்டைப் போல மரநிலையும் உயர்ந்த வாசற்படியும் உள்ள இடத்தில் ஒழுங்காக உட்காரா. எனவே முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் சட்டம் செய்தேன். நான்கு மூலைகளுக்கு எல்போ, நடுக்குறுக்குக்கு டீ, ஒட்டுவதற்குப் பசை. உயரம் 100 செ.மீ., அகலம் நிலையின் உள்ளளவுக்கு ஒரு செ.மீ. குறைவு. காசிமேட்டில் பழைய வலை மலிவாகவும் சில வேளை சும்மாவும் கிடைக்கும். ஆனால் பல் முளைக்கும் குட்டி நைலான் வலையை அறுத்து விழுங்கிவிடும், குடலில் நூல் சிக்கினால் அறுவைச் சிகிச்சைதான். ஆகையால் பிளாஸ்டிக் பூச்சுள்ள வெல்ட் மெஷ் கம்பி வலையை வாங்கி, வெட்டிய முனைகளை உள்நோக்கி மடித்து, கேபிள் டை கொண்டு சட்டத்தோடு இறுக்கினேன். நிலையில் கழற்றி மாட்டக்கூடிய கீல்கள் இரண்டு, மறுபக்கம் ஒரு தாழ்ப்பாள்.

இந்தக் கதவில் பூனைக்காக ஒரு துவாரம் உண்டு. அகலம் 15 செ.மீ., உயரம் 18 செ.மீ.; அதன் அடிவிளிம்பு கீழிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தரையோடு வைத்தால் எட்டு வாரக் குட்டியும் நுழைந்துவிடும் என்பதால் இந்த உயரம். குட்டி வளர்ந்ததும் என்ன செய்வது என்பதற்கும் சட்டத்திலேயே விடை உண்டு: கீலைக் கழற்றிக் கதவைத் தலைகீழாக மாட்டினால் துவாரத்தின் அடிவிளிம்பு 47 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். பூனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தச்சு வேலை முடிந்தபின் வீட்டில் இருந்த பாட்டில்களைச் சோதித்தேன். இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை என்று சொல்வேன். நாய்க்குட்டி வந்த வீட்டில் சிறுநீர் வாடை போக எல்லோரும் முதலில் தேடுவது பினாயில். பினாயிலில் இருக்கக்கூடிய பினால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வாங்கிவைத்த பாராசிட்டமால் மாத்திரையும் அதே காரணத்தால் பூனைக்குக் கொடியது. ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. மூன்றாவது, நாய்க்கு உண்ணிக்காகப் போடும் மருந்துகள். நாயின் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும்; அது பட்ட பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் கரைசலும் பூனைக்கு ஆகாது. நாயின்மேல் போட்ட மருந்தைப் பூனை உரசியோ நக்கியோ பெற்றுவிடும் என்பதால், ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்போது நாயின் மருந்தை வாங்குமுன் "வீட்டில் பூனை இருக்கிறது" என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சென்னையின் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் உண்டு, உண்ணிக் காய்ச்சலும் உண்டு; மருந்தே வேண்டாம் என்று விடவும் முடியாது.

சிறுநீரைத் துடைக்க நாங்கள் கைக்கொண்ட முறை எளியது. பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகு நீரில் கலந்த வினிகரால் துடைத்துவிடுவது. அம்மோனியா கலந்த தரைத் திரவங்களின் வாடை சிறுநீரையே நினைவூட்டுவதால் குட்டி மீண்டும் அதே இடத்துக்கு வரும். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் போன்ற கிருமிக்கு அஞ்சி பால்கனியைக் கழுவ வேண்டியபோது மட்டும் ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, உலர்ந்த பிறகே விலங்குகளை விட்டோம். பிளீச்சை வினிகரோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. சிறுநீர் தேங்கிய இடத்தில் நேராக ஊற்றவும் கூடாது. இரண்டிலும் மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும்.

மருத்துவப் பரிசோதனையை வேப்பேரியில் முடித்தோம். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மாட்டாஸ்பத்திரி என்றே சொல்வார்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. குட்டிக்குக் குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் போடப்பட்டன. தொடர் ஊசிகளின் அட்டவணையையும் மூன்று மாத வயதில் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியின் நாளையும் குறித்துக் கொடுத்தார்கள். அம்முவின் தடுப்பூசிகள் காலாவதி ஆகாமல் இருப்பதை அதற்கு முன்பே உறுதி செய்துகொண்டேன். நாய்ப் பார்வோவின் இன்றைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை. கொட்டகையில் பிறந்த குட்டி எதைச் சுமந்துவருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் முதல் இரண்டு வாரங்கள் மணி கூடத்திலும் பால்கனியிலுமே இருந்தது. கூடத்தின் மரக்கதவு சாத்தியே இருந்தது. மணியைத் தொட்ட கையைக் கழுவாமல் யாரும் அம்முவைத் தொடவில்லை.

அம்முவின் மலசலத் தட்டைத் துவைக்கும் இடத்துக்கு மாற்றியிருந்தோம், அதுவும் குட்டி வருவதற்கு முன்பே, சில நாளுக்கு ஒருமுறை சில அடி தூரமாக நகர்த்தி. இன்னொரு தட்டை மொட்டை மாடிப் படிக்கட்டின் அடியில் வைத்தோம். நாய்கள் பூனையின் மலத்தை விரும்பித் தின்னும். தட்டில் பரப்பும், ஈரம் பட்டால் கட்டிபடும் பெண்டோனைட் களிமண்ணையும் சேர்த்துத் தின்றால் வயிற்றுக்குள் அது இறுகும். அதைவிடப் பெரிய கவலை, தட்டில் உட்கார்ந்திருக்கும்போது குட்டி பாய்ந்துவந்தால் பூனை அந்த இடத்தையே வெறுத்துவிடும் என்பது. சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் அழற்சி வரும். ஆண் பூனையாக இருந்தால் வழியே அடைபட்டு ஒரு நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்முவின் தட்டு ஃபிரிட்ஜின்மேல் ஏறியது. நாளெல்லாம் திறந்து வைத்திருந்த வழக்கம் மாறி, நேரத்துக்கு வைத்து எடுக்கப்பட்டது. மீனை வேகவைத்தே கொடுக்கிறோம், ஏனெனில் மத்தி, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி தயமின் சத்தை அழித்துவிடும். வெங்காயமும் பூண்டும் இரண்டுக்குமே ஆகா என்பதால் குழம்புச் சோறு இரண்டுக்கும் இல்லை. நாய் உணவில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து போதாது. பூனை உணவைத் தின்ற நாய்க்கு வயிறு இளகும். ஆக, தட்டு மாறக் கூடாது, அவ்வளவுதான். என் தாயார் இதில் ஒரு வரிசையையும் சேர்த்தார்: "முதல்ல அம்முவுக்கு வைடா, இந்த வீட்டுக்கு அவதான் பெரியவ." விலங்குகள் வரிசையைப் பொருட்படுத்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஆனால் பூனை தின்று முடித்துப் பரணேறிய பிறகு குட்டிக்கு வைப்பதில் கைக்கு ஓர் ஒழுங்கு இருந்ததால் அப்படியே செய்தோம்.

இனி, இரண்டையும் பழக்கிய முறை. சாத்திய கதவின் நாட்களில் வாடைதான் தூது. பூனையின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உண்டு. அது நாற்காலிக் காலிலும் நம் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பது இது என் இடம் என்று பதிவு செய்வதற்கே. அம்மு நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பழைய பருத்தித் துணியால் அதன் கன்னத்தைத் தடவி மணியின் படுக்கை அருகே வைத்தேன். மணி படுத்த துணியைச் சமையலறையில், அம்முவின் தட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தேன். அம்மு முதலில் முகர்ந்து, வாயைச் சற்றே திறந்தபடி நின்றது. மேலண்ணத்தில் உள்ள உறுப்பால் வாடையை ஆராயும் நிலை அது. அருவருப்பு என்று தவறாக எண்ண வேண்டாம். பிறகு உறுமிவிட்டு அகன்றது. தினமும் புதுத் துணி வைத்துவந்தேன். உறுமல் நின்று, துணியைத் தாண்டி நடக்கும் அளவுக்கு அலட்சியம் வந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அடுத்தது கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உணவு. அம்முவை மட்டும் இதற்காகத் தரைக்கு இறக்கி, கதவிலிருந்து ஆறடி தள்ளி அவித்த சங்கரா மீன் துண்டுகளை வைத்தோம். தின்றால் மறுநாள் அரையடி நெருக்கம். தின்னாமல் கதவையே பார்த்தால் ஓரடி பின்னுக்கு. அதன் பின் மரக்கதவைத் திறந்து கம்பிக் கதவுக்கு வந்தோம். முதலில் அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, நாள்தோறும் அடியிலிருந்து சில அங்குலம் சுருட்டி உயர்த்தினேன். குட்டிக்கு முதலில் தெரிந்தது பூனையின் பாதங்கள் மட்டுமே. இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தாமல் இழுத்தது நல்ல பலன் தந்தது. போர்வை முழுவதும் விலகியபோது இருவருக்கும் மற்றவர் புதியவராக இல்லை.

இதே நாட்களில் மணிக்கான பயிற்சி கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது, "விடு" என்றால் வாயில் உள்ளதையோ பார்வையில் உள்ளதையோ விடுவது, பாயில் போய்ப் படுப்பது ஆகிய மூன்றுதான் பூனைக்காகத் தேவைப்பட்டவை. ஒரே சொல்லை வீட்டில் எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். பரிசு, சுண்டு விரல் நகம் அளவுக் கோழித் துண்டு. இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூங்கும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் சிறுநீர் கழிக்கும். இந்தச் சுழற்சியைக் கவனித்து, ஓடியாடிக் களைத்து, பால்கனிக்குப் போய்வந்து, கண் சொருகத் தொடங்கும் நேரத்தையே பூனையைச் சந்திக்கும் நேரமாக வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் உள்ள குட்டிக்குப் பூனையும் ஒரு தலையணைதான்.

முதல் நேர்ச் சந்திப்பில் மணியின் கழுத்துப்பட்டையில் ஆறடி இலேசான கயிறு இருந்தது. அதை இழுத்துப் பிடிக்கவில்லை. தொய்வாக என் காலடியில் கிடந்தது. இறுக்கிய கயிறு நாயின் பரபரப்பைக் கூட்டும். அம்முவின் நக நுனிகளை முந்தின நாளே வெட்டியிருந்தேன், ஏனென்றால் குட்டி நாய்களுக்குப் பூனையால் நேரும் மோசமான காயம் கருவிழியில் விழும் கீறல்தான். மணி பாயில் படுத்திருக்க, அம்மு கூடத்து வெண்டிலேட்டர் வழியாக வந்து மேல் பலகையில் உட்கார்ந்தது. நடுப் பலகைக்கு இறங்கியது. நெடுநேரம் அங்கேயே இருந்தது. மணி நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் பெயரைக் கூப்பிட, என்னைத் திரும்பிப் பார்த்ததற்குக் கோழித் துண்டு கிடைத்தது. இவ்வளவுதான் அன்றைய நிகழ்ச்சி. பூனையைப் பார்த்தால் எசமானரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வழக்கம் குட்டிக்கு ஊறிவிட்டால், துரத்தும் எண்ணம் எழுமுன்பே கவனம் திசை மாறிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது வால்களை. நாய் வாலாட்டுவது பெரும்பாலும் கிளர்ச்சியும் நட்பும். பூனை வாலைப் பக்கவாட்டில் அடித்தால் எரிச்சல். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தும் குட்டி விளையாட அழைக்கிறது. பூனைக்கு அது பாயப்போகும் விலங்கின் நிலையாகத் தெரியும். இரண்டு மொழிகளும் தெரிந்தவர் ஒருவர் இடையில் இருக்க வேண்டிய வேலை இது. அம்முவின் காது பக்கவாட்டில் படிந்தாலோ வால் மயிர் சிலிர்த்தாலோ அந்த நொடியில் சந்திப்பை முடித்தேன். குட்டி அசையாமல் விறைத்து, வாயை மூடி, கண் கொட்டாமல் பார்த்தால் அதையும் முடித்தேன். குரைப்பதைவிட அந்த மௌனமான பார்வைதான் துரத்தலுக்கு முந்தைய நிலை. பூனை ஓடினால் எந்தக் குட்டியும் துரத்தும், அதற்குக் குட்டியைத் திட்டிப் பயனில்லை. பூனை ஓட வேண்டிய தேவையே எழாதபடி பலகை பக்கத்தில் இருப்பதுதான் தீர்வு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது விநாயகர் சதுர்த்தி வந்தது. சிலைகள் கடலில் கரைக்கப்படும் இடங்களில் காசிமேடும் ஒன்று. ஊர்வல நாளன்று எங்கள் பக்கத்துச் சாலைகளில் மேளமும் வெடியும் மாலை வரை ஓயவில்லை. மணி வெடிச் சத்தத்துக்கு அஞ்சி விடாமல் குரைத்தது; அம்மு பரணுக்குப் போய்விட்டு, இரவில் சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் இறங்கவில்லை, மறுநாள் காலை உணவையும் தொடவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து கூடுதல். கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டபோது, அன்றிரவுக்குள் தின்னாவிட்டால் கொண்டுவரச் சொன்னார். சந்திப்புகளை நிறுத்தி, கூடத்து மரக்கதவைச் சாத்தி, மீனை அவித்த வெதுவெதுப்பான நீரைப் பரணிலேயே வைத்தோம். மாலையில் அதைக் குடித்து, இரவில் துண்டுகளையும் தின்றது. அதன்பின் போர்வைக் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். முதல்முறை எடுத்த காலத்தில் சிறு பங்கே இந்த முறை தேவைப்பட்டது.

மணிக்கு இப்போது பால் பற்கள் விழுகின்றன. ஈரத் துணியை முறுக்கி உறையவைத்துக் கொடுத்தால் நாற்காலிக் கால் தப்புகிறது. கம்பிக் கதவு தலைகீழாகத் திருப்பி மாட்டப்பட்டுவிட்டது. பகலில் ஒரே அறையில் இரண்டும் இருக்கின்றன. மணி துரத்த எழுவதும் அம்மு பலகையேறுவதும் எப்போதாவது நடக்கிறது. ஓரிரு முறை அம்மு எழாமலே நகம் உள்ளிழுத்த பாதத்தால் மூக்கில் ஓர் அடி வைத்தது. அதில் நான் தலையிடவில்லை. ஆளில்லாத நேரத்திலும் இரவிலும் கதவு சாத்தியே இருக்கும். மணிக்கு ஒரு வயது முடியும் வரை இதில் தளர்வு கொடுப்பதாக இல்லை, ஏனெனில் ஏழு எட்டு மாதத்தில் நாய்க்கு வரும் துடுக்கு இன்னும் வரவில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று மீதமிருந்தன. எங்கள் தெருவிலும் வியாசர்பாடிப் பக்கமும் நீர் தேங்கும்போது எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும் என்பதால், அதற்கான பகுதியும் சேர்ந்த தடுப்பூசியை மருத்துவர் போட்டுவிட்டார். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை வைத்து மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு விண்ணப்பித்தோம். மூன்றாவது, மொட்டை மாடி. தடுப்பூசிகள் முடிந்தபின் மணியைக் காலையில் அங்கே விடத் தொடங்கியிருந்தோம், அம்முவுக்கு மாலை. மழையில் இரண்டுக்குமே அது கிடைக்காது. அதனால் மணியை மீண்டும் பால்கனிச் செய்தித்தாளுக்குப் பழக்கி, படிக்கட்டின் அடியில் இருந்த அம்முவின் இரண்டாவது தட்டை, தண்ணீர் இறங்காதபடி நான்கு செங்கல் உயர்த்தி வைத்திருக்கிறோம்.